போர்வையில் ஒரு சோடாக் கடை

நம் சங்கக் குடும்பங்களில் அநேகமாக எல்லோருக்கும் அமெரிக்காவில் ஓர் உறவு இருக்கிறது. அங்கிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியில் பாதாம், சாக்லேட், மூட்டுவலித் தைலம் இவற்றோடு இப்போதெல்லாம் மெத்தென்ற போர்வை ஒன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த போர்வையில் ஒரு பழைய புகைப்படம் முழு அளவுக்கு அச்சாகியிருக்கிறது. நீண்ட பளிங்குக் கவுண்டர். அதன்மேல் அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த பளபளக்கும் குழாய்கள். கவுண்டரின் முன்னால் ஒற்றைக்கால் ஸ்டூல்கள் வரிசையாக. பின்னால் சுவரளவு கண்ணாடி, அடுக்கடுக்காகக் கண்ணாடி டம்ளர்கள், வெள்ளைத் தொப்பி அணிந்த இரண்டு இளைஞர்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சாராயக் கடைப் படத்தையா போர்த்திக்கொள்ளக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அது சாராயக் கடை அல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஊருக்கு ஊர் இருந்த 'சோடா ஃபவுண்டன்' என்னும் சோடாக் கடை. அதுவும் பெரும்பாலும் மருந்துக் கடைக்குள்ளேயே இருந்தது. 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது, மூடிய மதுக்கடைகளின் கூட்டம் இந்தக் கவுண்டர்களுக்குத்தான் வந்தது. ஆகவே அந்த அம்மாளின் சந்தேகம் அர்த்தமில்லாதது என்று சொல்லிவிட முடியாது.

படத்தில் தெரிவது கவுண்டருக்கு மேலே உள்ளவை மட்டும். எனக்கு ரசமாக இருப்பது கவுண்டருக்குக் கீழே இருந்தவை. ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களோடு சேர்ந்து படிக்கலாம். பாடப் புத்தகத்தில் இருக்கும் விஷயந்தான், கடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சோடா என்பது கரியமில வாயு கரைந்த தண்ணீர். பூமியின் சில இடங்களில் இயற்கையாகவே இந்த வாயு கலந்த ஊற்று நீர் பொங்கி வருகிறது. ஐரோப்பாவில் அதைக் குடித்தால் நோய் தீரும் என்று நம்பி, நாம் குற்றாலத்துக்குப் போவதுபோல் போய்த் தங்கிக் குடித்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்து பார்த்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. 1767-இல் லீட்ஸ் நகரில் பீர் காய்ச்சும் இடம் ஒன்றில், நொதிக்கும் தொட்டியின் மேலே தேங்கி நிற்கும் வாயுவில் தண்ணீரை வைத்துக் கலக்கிப் பார்த்தார். தண்ணீர் ஊற்று நீர்போல் சுரீரென்றது. 1772-இல் செய்முறையை அச்சிட்டும் வெளியிட்டார். கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்பது அவருடைய எண்ணம். அந்த நோய்க்குத் தேவை எலுமிச்சைச் சாற்றில் உள்ள வைட்டமின் சி, வாயு அல்ல என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் 'சோடா ஒரு மருந்து' என்ற பேச்சு நிலைத்துவிட்டது. சோடா மருந்துக் கடைக்குள் புகுந்ததற்குக் காரணம் இதுதான். வயிறு சரியில்லை என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு சோடா வாங்கி வரச் சொல்வதும் அந்தப் பேச்சின் மிச்சமே.

வாயு தண்ணீரில் எவ்வளவு கரையும்? இரண்டு காரியங்களைப் பொறுத்தது: குளிர்ச்சி, அழுத்தம். சாதாரணக் காற்றழுத்தத்தில், உறையும் நிலையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவை ஏற்கும். 20 டிகிரியில் சுமார் 0.9 லிட்டர்தான். 30 டிகிரியில் 0.7 லிட்டருக்கும் குறைவு. அழுத்தத்தை இரட்டித்தால் கரையும் அளவும் ஏறக்குறைய இரட்டிக்கும். இதை 1803-இல் எடுத்துச் சொன்னவர் வில்லியம் ஹென்றி. அதனால்தான் பாடத்தில் ஹென்றி விதி என்று வருகிறது. நல்ல சுறுசுறுப்பான சோடாவுக்கு லிட்டருக்கு மூன்று நான்கு லிட்டர் வாயு வேண்டும். ஆக, தண்ணீரைப் பனிக்கட்டியில் குளிர வைத்து, வாயுவை அழுத்தி உள்ளே தள்ளி, வெளியேறாமல் அடைத்து வைக்கவேண்டும். சோடாக் கடையின் இயந்திரம் முழுவதும் இந்த மூன்று வேலைக்காகத்தான்.

இந்த இயந்திரத்தை அமெரிக்காவில் தொழிலாக வளர்த்தவர் ஜான் மேத்யூஸ். இங்கிலாந்திலிருந்து 1832 வாக்கில் நியூயார்க் வந்து சேர்ந்தவர். வாயுவுக்கு அவர் பயன்படுத்தியது சலவைக்கல் தூளும் கந்தக அமிலமும். உள்ளே காரீயத் தகடு வேய்ந்த வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் இரண்டையும் சேர்த்தால் கரியமில வாயு பொங்கும். நூறு கிராம் சுத்தமான சலவைக்கல்லிலிருந்து 44 கிராம் வாயு கிடைக்கும். அறை வெப்பத்தில் அது சுமார் 24 லிட்டர். பிள்ளைகள் அணு எடைகளை வைத்துக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். ஒரு சங்கடம் உண்டு. வினையில் உண்டாகும் கால்சியம் சல்பேட் கல்லின்மேல் பொருக்காகப் படிந்து அமிலத்தைத் தடுக்கும். அதனால் உள்ளே ஒரு துடுப்பு வைத்துக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். வந்த வாயுவைத் தண்ணீரில் அலசி அமில வாடை போக்கி, குளிர்ந்த நீர் உள்ள கலத்துக்கு அனுப்பி, அந்தக் கலத்தைத் தொட்டில்போல் ஆட்டுவார்கள். நியூயார்க்கில் செயிண்ட் பாட்ரிக் தேவாலயம் கட்டியபோது மிஞ்சிய சலவைக்கல் சில்லுகளை மேத்யூஸ் நிறுவனம் வாங்கிச் சோடாவாக்கிவிட்டது என்றொரு பேச்சும் உண்டு.

கலம் செம்பால் ஆனது. சோடா நீர் லேசான அமிலம், செம்பைக் கரைக்கும். அதனால் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினோமே, அதே காரணம், அதே வேலை. பூச்சு தேய்ந்த கலத்தையும் காரீயம் கலந்த குழாயையும் மாற்றாமல் ஓட்டிய கடைகளில் சோடாவோடு விஷமும் போயிற்று. அப்படிப்பட்ட கலங்கள் வெடித்ததும் உண்டு. பளிங்கும் வெள்ளிப் பூச்சுமாக மேலே அலங்கரித்துவிட்டுக் கீழே பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பராமரிப்பு வேலை பார்த்த எவரையும் கேட்டால் சொல்வார்கள்.

அழுத்தத்தை எப்படி அளந்தார்கள்? மேத்யூஸிடம் பென் ஆஸ்டின் என்று ஒருவர் வேலை பார்த்தார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பர். புதிதாக வாயு ஏற்றிய கலத்தின் குழாய் வாயை அவர் தம் கட்டைவிரலால் அடைத்துக்கொள்வாராம். விரலைத் தள்ளிவிட்டு வாயு பீறிட்டால் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு வந்துவிட்டது என்று கணக்கு. சோடா வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்குப் பத்தரைக் கிலோ. நம் ரயிலில் காற்றுப் பிரேக் குழாயில் இருப்பது ஐந்து கிலோதான். துளை கால் அங்குல விட்டமானால் விரலின்மேல் வரும் விசை சுமார் மூன்றேகால் கிலோ. பழகிய கை தாங்கும். அரை அங்குலமானால் பதின்மூன்று கிலோவுக்கு மேல், அது விரலின் வேலை அல்ல. ஆகவே துளை சிறியதாகத்தான் இருந்திருக்கும். கதை நம்பக் கூடியதே. ஆனால் எந்தப் பட்டறையிலும் அழுத்தமானியாக ஒரு மனிதனின் விரலை வைப்பது வேடிக்கை அல்ல. இந்த மனிதரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1888-இல் ஜேக்கப் பௌர் என்பவர் சிகாகோவில் லிக்விட் கார்பானிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கரியமில வாயுவைத் திரவமாக்கி உருளையில் அடைத்து விற்றார். 20 டிகிரியில் அந்த உருளைக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஐம்பத்தைந்து மடங்குக்கு மேல். கனமான எஃகு உருளை செய்யத் தெரிந்த பிறகே இது சாத்தியமாயிற்று. கடைக்காரருக்கு அமிலமும் கல்தூளும் கலக்கும் தொல்லை ஒழிந்தது. இன்றும் சோடா, குளிர்பான ஆலைகளில் இதே முறைதான்.

இனிக் கவுண்டரின் மேலே வருவோம். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் ஜேம்ஸ் டஃப்ட்ஸ் என்பவர் முப்பது அடிக்கு மேல் உயரமான ஒரு சோடா ஃபவுண்டனை நிறுத்தினார். பளிங்கு, வெள்ளி, தொங்கு விளக்கு, செடிகொடி என்று கோயில் தேர்போல் ஜோடித்திருந்தார்கள். அதைப் பார்த்துப் போன மருந்துக் கடைக்காரர்கள் தத்தம் ஊரில் சிறியதாக ஒன்று வைக்க ஆசைப்பட்டார்கள். அன்றைய ஃபவுண்டன்கள் சுவரோடு ஒட்டியிருந்தன. ஊற்றுபவர் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டித்தான் ஊற்ற வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் குழாய்கள் முன் கவுண்டருக்கு வந்தன. போர்வைப் படத்தில் இருப்பது இந்தப் பிந்திய வகை. வளைகுழாயின் கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்தால் தண்ணீர் பருமனாக, மெதுவாக வரும். மறுபக்கம் தள்ளினால் ஊசிபோல் மெல்லிய தாரை வேகமாகப் பாயும். முதலில் டம்ளரில் பழப்பாகு. அதன்மேல் பருமனான தாரையால் சோடா. கடைசியில் ஊசித் தாரையால் அடிவரை கலக்கி நுரை எழுப்புவது. கரண்டியே வேண்டாம். நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுவதற்குக் கூட்டம் நின்று பார்ப்பதுபோல், இந்தப் பையன்கள் கைப்பிடியை வெடுக்கென்று இழுக்கும் லாவகத்தையும் பார்த்தார்கள். வெடுக்கென்று இழுப்பதற்கு ஆங்கிலத்தில் ஜெர்க். அதனால் அவர்களுக்குச் 'சோடா ஜெர்க்' என்றே பெயர்.

கொக்கோ கோலா பிறந்ததும் இப்படிப்பட்ட ஒரு கவுண்டரில்தான். 1886-இல் அட்லாண்டா நகரில் ஜேக்கப்ஸ் மருந்துக் கடையில் டம்ளர் ஐந்து சென்ட்டுக்கு விற்றார்கள். அதைச் செய்த ஜான் பெம்பர்டன் ஒரு மருந்தாளர். அதுவும் முதலில் தலைவலிக்கும் களைப்புக்கும் மருந்து என்றே விற்பனைக்கு வந்தது.

இவ்வளவு செல்வாக்கோடு இருந்த சோடாக் கடை ஏன் மறைந்தது? பல காரணங்கள். 1892-இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி, பாட்டிலில் வாயுவை நம்பகமாக அடைத்தது. வீட்டுக்கு வீடு குளிர்பெட்டி வந்தது. மக்கள் காரில் ஏறி ஊருக்கு வெளியே குடிபோனார்கள். மருந்துக் கடைகள் ஆள் இல்லாத சுயசேவைக் கடைகளாயின. 1950-களிலும் 60-களிலும் கவுண்டர்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு அலமாரி வைத்தார்கள். கடைசியில் கண்ணாடிப் பாட்டிலுக்கும் போட்டி வந்தது. டூபான்ட் நிறுவனத்தின் பொறியாளர் நத்தானியல் வயத் சோடாவின் அழுத்தத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 1973-இல் காப்புரிமை பெற்றார். பிரபல ஓவியர் ஆண்ட்ரூ வயத்துக்கு இவர் அண்ணன். இன்று நாம் 'பெட் பாட்டில்' என்று சொல்வது அதுதான்.

போர்வையின் ஓரத்தில் தைத்திருக்கும் துண்டுச் சீட்டை இப்போது பாருங்கள். நூறு சதவீதம் பாலியெஸ்டர் என்று போட்டிருக்கும். பெட் பாட்டிலும் இந்தப் பாலியெஸ்டரும் ஒரே பொருள். முழுப்பெயர் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட். நூலாக இழுத்தால் துணி, குழலாக ஊதினால் பாட்டில். இந்த நூலை 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தவர்கள் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர். அவர்கள் நாட்டில் அதற்கு இட்ட பெயர் டெரிலின். ஒரு காலத்தில் கல்யாண மாப்பிள்ளை கேட்டு வாங்கிய டெரிலின் சட்டை நினைவிருக்கிறதா? பருத்தியோடு கலந்தால் டெரிகாட்டன். அதே நூலை மிக மெலிதாக இழுத்து, பின்னி, முகத்தைச் சீவிப் பஞ்சுபோல் எழுப்பியதுதான் இந்த மெத்தென்ற துணி. 1979-இல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் இதைச் செய்துகாட்டியது. 1993-இல் படகோனியா என்ற நிறுவனம் பழைய சோடா பாட்டில்களை உருக்கி இழைத்த நூலிலேயே இதைச் செய்து விற்றது. நம் நாட்டிலும் பாட்டில்களைச் சேகரித்துக் கழுவி உருக்கிப் பாலியெஸ்டர் பஞ்சாக்கும் ஆலைகள் உண்டு. சோடாக் கடையை ஒழித்துக்கட்டிய கூட்டத்தில் பாட்டிலும் ஒன்று என்றோமே, அந்தப் பாட்டிலின் சொந்தக்காரத் துணியில்தான் சோடாக் கடையின் படம் இருக்கிறது.

படம் ஏறியது எப்படி? அச்சுமை முதலில் காகிதத்தில் பதிகிறது. காகிதத்தைத் துணியின்மேல் வைத்துச் சுமார் 200 டிகிரிச் சூட்டில் அழுத்தினால் சாயம் உருகாமல் நேரே ஆவியாகி, சூட்டில் இளகிய பாலியெஸ்டர் இழைக்குள் புகுந்துகொள்கிறது. கற்பூரம் ஆவியாவது போலத்தான். ஆறியதும் இழை இறுகிச் சாயம் சிறைப்படுகிறது. வாயு தண்ணீருக்குள் போகக் குளிர்ச்சி வேண்டும், சாயம் இழைக்குள் போகச் சூடு வேண்டும். பருத்தியில் இது பிடிக்காது. இந்த முறையில் வெள்ளைச் சாயம் கிடையாது. படத்தில் உள்ள பளிங்கின் வெள்ளை, துணியின் சொந்த வெள்ளை. போர்வையின் பஞ்சை விரலால் பிரித்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாகவே இருக்கும். சாயம் நுனியில் மட்டுந்தான். இதிலிருந்து வீட்டுக்கு உதவும் விஷயம் இது: இதைக் குளிர்ந்த நீரில் தோய்க்கவும். இஸ்திரி போட்டால் பஞ்சு படுத்துவிடும், பிறகு எழாது. அடுப்பு, குத்துவிளக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

படத்தில் இல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஸ்டூல்களில் எல்லோரும் உட்கார முடியவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மட்டுமல்ல, வேறு பல ஊர்களிலும் கறுப்பர்கள் மருந்துக் கடையில் பணம் கொடுத்து எதையும் வாங்கலாம், சோடாவையும் காகிதக் குவளையில் வாங்கி வெளியே எடுத்துப் போகலாம். கவுண்டரில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் குடிக்கக் கூடாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பாத்திரம் கழுவலாம். பென் ஆஸ்டின் விரலால் அடைத்துச் சோதித்த சோடாவை அவர் இனத்தார் உட்கார்ந்து குடிக்க நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு அமெரிக்காவை ஏசப் புறப்பட்டால், சுதந்திரத்துக்கு முன் நம் ரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனியே ஊற்றியதையும், தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1958 ஜூலையில் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், டாக்கம் மருந்துக் கடைக் கவுண்டரில் கறுப்பின மாணவர்கள் சிலர் நன்றாக உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ரான் வால்டர்ஸ், கேரல் பார்க்ஸ் இருவரும் அவர்களுக்குத் தலைமை. சோடா கேட்டார்கள், தரவில்லை. எழுந்தும் போகவில்லை. சத்தம் போடவில்லை, எதையும் உடைக்கவில்லை. நாள் மாற்றி நாள் வந்து ஸ்டூல்களை நிரப்பி உட்கார்ந்தார்கள். வியாபாரம் படுத்தது. ஆகஸ்டு மாதம் கடைக்காரர் இறங்கிவந்தார். அதிகம் பேசப்படாத போராட்டம் இது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் இவர்களுக்கு முன்னால் பார்த்துச் செய்ய உதாரணங்கள் அதிகமில்லை.

உலகம் அறிந்தது 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி நடந்தது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் உல்வொர்த் கடையின் கவுண்டரில் நான்கு கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். எஸல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்பவை அவர்கள் பெயர்கள். மறுநாள் கூட்டம் கூடியது, சில வாரங்களில் பல மாநிலங்களுக்குப் பரவியது. காந்தியடிகளின் வழியைப் படித்தும் கேட்டும் அறிந்தவர்கள் இந்த மாணவர்களிடையே இருந்தார்கள். ஜூலை 25-ஆம் தேதி அந்தக் கவுண்டர் எல்லோருக்கும் திறந்தது. அன்று முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலை பார்த்த நான்கு கறுப்பின ஊழியர்கள். 1964-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது.

அந்தக் கவுண்டரின் ஒரு பகுதி, நான்கு ஸ்டூல்களோடு, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரீன்ஸ்பரோ கடைக் கட்டடமே 2010 முதல் குடிமை உரிமைகள் அருங்காட்சியகமாக இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் சங்கத்தார் அநேகமாக நயாகராவோடு திரும்பிவிடுகிறார்கள். வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.